ரிஃபிஃபி (1955) முதல்முறை பார்த்தேன்: அந்த அரை மணி நேரமும் அந்த பெல்ட்டும்

#1 இரவுப்பறவை

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, தூங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பார்ப்போம் என்று ரிஃபிஃபியைப் போட்டேன். எழுந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அப்புறமும் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் போலிருந்தது, அதனால்தான் இந்த இழை. படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுக்க கீழே வரும்.

கருப்பு வெள்ளையில் பிரெஞ்சு க்ரைம் படம் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மெதுவாகத்தான் போகும், பொறுமையாக உட்காரணும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். முதல் காட்சியே சீட்டு மேசை. டோனி ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். கைக்காசு தீர்ந்துவிட்டது, கடனுக்கு ஆட விடமாட்டோம் என்கிறார்கள். இருமல் வேறு. ழான் செர்வே என்ற அந்த நடிகரின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கண்ணுக்குக் கீழே தொங்குகிற சதை, எதையும் எதிர்பார்க்காத ஒரு பார்வை.

அப்புறம் திருட்டு. ரூ த லா பே தெருவில் ஒரு நகைக்கடை. மேல்வீட்டுத் தரையைக் குடைந்து கடைக்குள் இறங்குகிறார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, பின்னணி இசையும் கிடையாது. தரையில் சின்னதாக ஓட்டை விழுந்ததும் மடக்கிய குடையை அதன் வழியாக உள்ளே விட்டு, கீழே விரிக்கிறார்கள். அதற்கப்புறம் உதிர்கிற காரையெல்லாம் குடைக்குள் விழுகிறது. அந்த இடத்தில் என் ரூம் ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டியது, ஆனால் ஒரு சத்தத்தைக்கூட விட மனசில்லை.

இப்போது உறுத்துகிற விஷயம். படத்தின் தொடக்கத்தில், தான் உள்ளே இருந்த காலத்தில் வேறொருவனோடு போய்விட்ட பழைய காதலி மாதோவை டோனி தன் அறைக்குக் கூட்டிப் போகிறான். நகைகளைக் கழற்றச் சொல்கிறான். ஃபர் கோட், உடை எல்லாவற்றையும். பிறகு பெல்ட்டை எடுக்கிறான். கேமரா வேறுபக்கம் திரும்பிவிடுகிறது, அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. இதைப் பார்த்த நானே கடைசியில் அவன் ரத்தம் ஒழுக கார் ஓட்டும்போது ஐயோ போய்ச் சேர்ந்துவிடணுமே என்று பதறினேன். எப்படிப் பதறினேன்? இந்தப் படத்தை நேசிப்பவர்கள் அந்தக் காட்சியை என்ன செய்கிறீர்கள்?

#2 பழையரீல்

வாங்க தம்பி. இந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், எடுத்தவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் படம் வேறுமாதிரி தெரியும்.

ஜூல்ஸ் டாசின் பெயரைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் என்று நினைப்பார்கள். அவர் 1911ல் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். 1940களின் கடைசியில் ஹாலிவுட்டில் வரிசையாக நல்ல க்ரைம் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கிற வேட்டை. எட்வர்ட் டிமிட்ரிக் என்ற சக இயக்குநர் 1951ல் விசாரணைக் குழுவின் முன்னால் சொன்ன பெயர்களில் டாசினுடையதும் ஒன்று. அத்தோடு வேலை போயிற்று. ஐரோப்பாவுக்கு வந்தால் அங்கேயும் விடவில்லை. பிரான்சில் ஒரு படம் தொடங்கவிருந்த நேரத்தில், டாசின் இயக்கினால் அமெரிக்காவில் படம் ஓடாது என்று மிரட்டல் வந்து அவரை நீக்கிவிட்டார்கள். நாலைந்து வருஷம் படமே இல்லை.

அந்த நிலைமையில் கைக்கு வந்ததுதான் ஒகூஸ்த் லெ ப்ரெத்தோன் எழுதிய நாவல். டாசினுக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனாலும் பணம் தேவைப்பட்டது. நாவலில் சில பக்கங்களே வருகிற திருட்டை இழுத்துப் படத்தின் நடுத்தூணாக நிறுத்தினார். சின்ன பட்ஜெட், பெரிய நட்சத்திரம் கிடையாது. 1955ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இப்போது செசாரை நினைத்துப் பாருங்கள். பெட்டகம் உடைக்கிற அந்த இத்தாலிக்காரன். பெர்லோ வீட்டா என்ற பெயரில் அதை நடித்தது டாசினேதான். நகைகளைப் பறிக்கப் பார்க்கிற எதிர்க் கும்பலிடம் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் கேளிக்கை விடுதியில் தூணோடு கட்டப்பட்டு நிற்கிறான். டோனி வருகிறான். உன்னை எனக்கு நிஜமாகவே பிடிக்கும், ஆனால் சட்டம் உனக்கே தெரியும் என்கிறான். சுடுகிறான். அதை எடுக்கும்போது, அந்த வேட்டைக் காலத்தில் மற்ற நண்பர்களைக் காட்டிக்கொடுத்த தன் நண்பர்களைத்தான் நினைத்துக்கொண்டதாக டாசின் பின்னாளில் பேட்டியில் சொன்னார். காட்டிக்கொடுக்கப்பட்டவர், காட்டிக்கொடுத்தவனின் வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டு சாகிறார். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பெல்ட் காட்சியைப் பொறுத்தவரை, அந்தக் காலத்துக் க்ரைம் படங்களில் அது சகஜம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#3 பட்டறைக்காரன்

நான் சினிமா விமர்சகன் இல்லை. முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் மகன் காட்டினான் இந்தப் படத்தை.

எனக்குப் பிடித்தது திருட்டுக்கு முன்னால் வருகிற பகுதி. கடையில் இருக்கிற அதே மாதிரி அலாரத்தை வாங்கிவந்து நடுவீட்டில் வைத்துக்கொண்டு, எது செய்தால் அடிக்கிறது, எப்படி வாயை அடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அதிர்வு பட்டாலே அடிக்கிற அலாரம் அது. ஒவ்வொரு வழியாகத் தோற்று, கடைசியில் தீயணைப்புக் கருவியின் நுரையை உள்ளே பீய்ச்சினால் அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, ஒரு ஜாப் நாலு நாளாக உட்காராமல் படுத்தி, ஐந்தாம் நாள் சரியாக உட்காரும்போது வருகிற சந்தோஷம். எங்களுக்கு அது தெரியும்.

அதனால்தான் அந்த அரை மணி நேர மௌனம் எனக்கு வித்தையாகப் படவில்லை. சத்தம் போட்டால் அலாரம் அடிக்கும், அதனால் பேசவில்லை. அவ்வளவுதான். ஆனால் கவனியுங்கள், அலாரத்தை நுரையால் அடைத்த பிறகும் அவர்கள் பேசுவதில்லை. வேலை தெரிந்த நாலு பேர் ஒரே வேலையில் இறங்கிவிட்டால் பேச்சே தேவைப்படாது. என் பட்டறையில் பெரிய ஷாஃப்ட்டைத் தூக்கி சக்கில் மாட்டும்போது ஒருத்தன் கண்ணைக் காட்டினால் போதும், மற்றவன் கை போய்விடும். பெட்டகத்தின் முதுகைத் துளைக்கிற இடத்தைப் பாருங்கள். கதவுப் பக்கம் போகவே மாட்டான். எந்தப் பக்கம் தகடு இளக்கமோ அந்தப் பக்கம்தான் கை வைப்பான். டிரில் ஓடும்போது வருகிற கிறீச்சைக் கேட்டு எனக்குப் பல் கூசியது. அந்த மாதிரி ஓடினால் பிட் சூடேறிவிடும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

செசார் காலில் போட்டிருப்பது பாலே ஆடுகிறவர்களின் செருப்பு. அவனுடைய தொழில் கருவிகளில் அதுவும் ஒன்று.

டோனி நல்லவனா கெட்டவனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் வேலை இருக்கும்போது மட்டும் அவனுக்கு இருமல் அடங்குகிறது, அடக்கிக்கொள்கிறான். மற்ற நேரமெல்லாம் பாழாய்ப்போன மனுஷன்.

#4 செங்காந்தள்

பழையரீல் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் "பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்பதை ஏற்க முடியவில்லை. படமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. வரிசையைப் பாருங்கள்.

டோனியின் கூட்டாளிகள் ஜோவும் மாரியோவும் நகைக்கடைத் திட்டத்தோடு டோனியிடம் வருகிறார்கள். கண்ணாடியை வெட்டி ஜன்னலில் இருப்பதை அள்ளிக்கொண்டு ஓடுகிற சின்னத் திட்டம். டோனி முடியாது என்கிறான். பிறகு மாதோவைப் பார்க்கப் போகிறான். அடிக்கிறான். அதற்கப்புறம்தான் வந்து, சரி செய்வோம், ஆனால் ஜன்னல் வேண்டாம், உள்ளே இருக்கிற பெட்டகம் வேண்டும் என்கிறான். மறுப்புக்கும் சம்மதத்துக்கும் நடுவில் அந்த பெல்ட் இருக்கிறது. திரும்பிப் போவதற்கு ஒரு இடம் இருந்தது, அதைத் தன் கையாலேயே அடித்து நொறுக்கிவிட்டு வருகிறான். அதற்குப் பிறகு அவனிடம் மிச்சம் இருப்பது தொழில் மட்டும். பட்டறைக்காரர் அண்ணன் சொன்ன அந்த அழகான வேலை அத்தனையும் அந்த அடியிலிருந்துதான் தொடங்குகிறது.

இரவுப்பறவை, கேமரா திரும்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், ஆனால் காதை மூட விடவில்லை. அரை மணி நேரம் ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் நம்மைக் காது கொடுக்க வைத்த அதே படம்தான், அதற்கு முன்பே இந்தச் சத்தத்தையும் கேட்க வைத்திருக்கிறது.

மாதோவை வெறும் அடிவாங்கியவளாக விட்டுவிடவும் இல்லை. பின்பாதியில் ஜோவின் ஐந்து வயதுப் பையன் டோனியோவை எதிர்க் கும்பல் கடத்திக்கொண்டு போனபிறகு, பையன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது அவள்தான். டோனி அதைக் கேட்கத் தகுதியானவனா? இல்லை. அவள் செய்தது பையனுக்காக.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம் ஜோவின் மனைவி லூயிஸ். பையன் காணாமல் போனதும் புருஷனைப் பார்த்து அவள் பேசுகிற பேச்சு. உன்னைப் போல வறுமையில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் ரௌடியாகவில்லையே, நிஜமான தைரியசாலிகள் அவர்கள்தான், நீ இல்லை என்று சொல்வாள். கேளிக்கை விடுதிப் பாடகி விவியான் பாடுகிற பாட்டு முரட்டு ஆண்களைக் கொண்டாடுகிறது, பின்னால் நிழலில் துப்பாக்கிக்காரன் நடனமாடுகிறான். அந்தப் பாட்டுக்கு லூயிஸ் கொடுக்கிற பதில் இது. ஒரு சமையலறைப் பெண்ணின் வாயிலிருந்து படம் தன் நாயகர்களுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

#5 பழையரீல்

செங்காந்தள், நீங்கள் சொல்வது சரி. மறுப்பு, அடி, சம்மதம் என்ற வரிசையை நான் இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை. சகஜம் என்று எழுதியது தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

#6 சென்நதிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் பாரிஸில இருக்கிறன், இருபது வருசத்துக்கு மேல. வேலைக்குப் போற வழியில ரூ த லா பே தெருவால எத்தினையோ தரம் நடந்திருக்கிறன். ஒரு முனையில ஒப்பேரா, மற்ற முனையில வாந்தோம் சதுக்கம். ரெண்டு பக்கமும் நகைக்கடை. பாரிஸில பவுன், வைரம் எண்டு கதைச்சா சனம் சொல்லுற தெரு அதுதான். வந்த புதுசில எங்களுக்கெல்லாம் அந்தக் கண்ணாடிகளுக்குக் கிட்டப் போகவே கூச்சமா இருக்கும்.

படத்தை நான் பார்த்தது இஞ்ச வந்து கனகாலத்துக்குப் பிறகு. உடன பிடிபட்டது வானம். படம் முழுக்க வெயிலே இல்லை. ஈரத் தெரு, மொட்டை மரம், சாம்பல் நிறம். டாசின் வெயில் வந்தா கேமராவை எடுக்கமாட்டன் எண்டு நிண்டவராம், தயாரிப்பாளருக்கு அது பெரிய தலையிடி. நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும் இந்த ஊர் அப்பிடித்தான் இருக்கும். சுற்றுலா வாறவை பார்க்கிற பாரிஸ் அது இல்லை. விடியப்புறம் வேலைக்குப் போறவை பார்க்கிற பாரிஸ்.

சொல்லைப் பற்றியும் ஒண்டு. ரிஃபிஃபி எண்டுறது பழைய ரௌடிப் பாஷை. அடிபிடி, சண்டை, பிரச்சினை எண்டு அர்த்தம். லெ ப்ரெத்தோன் தன்ர கதைகளை அந்தப் பாஷையிலதான் எழுதினவர். நல்லாப் பிரெஞ்சு தெரிஞ்ச ஆக்களுக்கே விளங்காது. படத்தில ஆக்கள் கதைக்கேக்க அந்தச் சொல் வராது, அதுக்கு விளக்கம் வாறது விவியானின்ர பாட்டிலதான்.

இன்னொரு விசயமும் சொல்லவேணும். நாவலில எதிராளிக் கும்பல் வட ஆபிரிக்கா ஆக்கள். டாசின் அதை மாத்திப்போட்டார், கிருத்தர் எண்டு பேர் வைச்சார். அல்ஜீரியாவில சண்டை துவங்கின காலம் அது, 1954. அகதியா வந்து நிண்ட ஒரு மனுசன், இன்னொரு சனத்தைக் கெட்டவையாக் காட்டிப் பிழைக்க விரும்பேல்லை. நானும் அகதியா வந்தவன்தான். அந்த ஒரு முடிவுக்காகவே அவரில எனக்குப் பெரிய மரியாதை.

#7 ஒலிப்பதிவு

மௌனம் பற்றி ஒரு தகவல். இந்தப் படத்துக்கு இசையமைத்த ஜோர்ஜ் ஓரிக் சாதாரண ஆள் இல்லை. அந்தத் திருட்டுக் காட்சிக்கு இசை கட்டாயம் வேண்டும் என்று சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டார். டாசின் அந்தக் காட்சியை இசையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டினார். பார்த்த ஓரிக், இசையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தான் எழுதியதைத் தானே வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

நான் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவன். அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். துணி சுற்றிய சுத்தியல் உளியில் படுகிற தட்டல், காரை உதிர்கிற பொலபொல, அமுக்கிக்கொண்ட இருமல், மூச்சு. எதுவும் ஒரே அளவில் திரும்ப வருவதில்லை. இதை மௌனம் என்று சொல்வதே எனக்குச் சம்மதமில்லை.

#8 கடைசி பெஞ்ச்

எனக்கு மட்டும்தானா திருட்டு முடிந்ததும் படம் இறங்கிவிட்டது போலத் தோன்றியது? கடத்தல், துரத்தல், துப்பாக்கிச்சூடு எல்லாம் மற்ற படங்களிலும் இருக்கிறதுதானே.

#9 பழையரீல்

இறங்குகிறது என்று எனக்குப் படவில்லை. திருட்டு கச்சிதமாக முடிந்தது. போலீஸால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. செசார் ஒரு மோதிரத்தைத் தனியாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு விவியானுக்குக் கொடுத்தான், அவள் பாடுவது கிருத்தரின் விடுதியில். அந்த ஒரு மோதிரம்தான் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டது. மாரியோவும் அவனோடு வாழ்கிற இடாவும் நகை இருக்கிற இடத்தைச் சொல்லாமலே செத்தார்கள். அவர்களுக்கு டோனி பெயர் சொல்லாமல் பெரிய சவ அடக்கம் செய்து வைக்கிறான். முன்பாதியில் நாலு பேர் சேர்ந்து ஒரு கை போல வேலை செய்ததைப் பார்த்ததால்தான், பின்பாதியில் ஒவ்வொரு விரலாகப் போவது வலிக்கிறது. அதே பாரிஸில் திருட்டைப் பேச்சில்லாமல் காட்டிய இன்னொரு பெரிய படம் மெல்வில் என்ற இயக்குநர் 1970ல் எடுத்தது, லெ செர்க்ல் ரூஜ். அதையும் பாருங்கள். ஆனால் அதில் திருடுகிறவர்களுக்குக் குடும்பம் கிடையாது, குழந்தை கிடையாது. ரிஃபிஃபியில் இருக்கிறது.

கூடுதலாக ஒன்று. இந்த மாதிரி இருட்டு க்ரைம் படங்களை நுவார் என்பார்கள், அந்தப் பெயரே பிரான்சில் பிறந்ததுதான். போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாக பாரிஸுக்கு வந்தபோது, 1946ல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அந்த இருட்டுப் படங்களுக்கு வைத்த பெயர். அந்தப் படங்களை எடுத்தவர்களில் ஒருவரைச் சொந்த நாடே துரத்த, அவர் அந்தப் பெயர் பிறந்த ஊருக்கே வந்து தன் சிறந்த படத்தை எடுத்தார்.

#10 பட்டறைக்காரன்

கடைசி பெஞ்ச் தம்பிக்கு: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போது ஜோவைப் பாருங்கள். திருட்டில் அவன் கை ஒரு இடத்திலும் நடுங்காது. பையனைத் தூக்கிக்கொண்டு போனபிறகு டெலிபோனை எடுக்கிற அதே கையைப் பாருங்கள். டோனி வரும்வரை பொறு என்று சொல்லியும் பொறுக்க முடியாமல் பணத்தை எடுத்துக்கொண்டு போய் உயிரை விடுகிறான். எந்த அப்பனும் போவான்.

#11 இரவுப்பறவை

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு ராத்திரி கடைசிப் பதினைந்து நிமிஷத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இந்த முறையும் ஃபேனை அணைத்துவிட்டுத்தான்.

திறந்த கார். டோனிக்குக் குண்டு பட்டிருக்கிறது. டோனியோவுக்குக் கௌபாய் வேஷம், கையில் பொம்மைத் துப்பாக்கி. அவனுக்கு எதுவும் தெரியாது, இது அவன் வாழ்க்கையிலேயே நல்ல சவாரி. எழுந்து நின்றுகொண்டு சுடுகிறான். மொட்டை மரக்கிளைகள் தலைக்கு மேலே ஓடுகின்றன, டோனிக்குத் தெரிவது போல வானம் சுழல்கிறது. சென்நதிக்கரை சொன்ன அதே சாம்பல் வானம்.

செங்காந்தள், உங்கள் பதிலைப் படித்தபிறகு நான் யாருக்காகப் பதறினேன் என்று எனக்கே கொஞ்சம் தெளிவாகிறது. டோனி பிழைக்கணும் என்று நான் நினைக்கவே இல்லை, முதல் தடவையும் சரி, இன்றைக்கும் சரி. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற அந்தக் கைகள் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கணும் என்றுதான் நினைத்தேன். பெல்ட் பிடித்த கைகள்தான் அவை. இன்றைக்கு அந்த இரண்டையும் சேர்த்தே பார்த்தேன்.

நேற்று நான் கவனிக்காமல் விட்டது லூயிஸை. கார் வந்து நிற்கிறது, டோனி ஸ்டியரிங் முன்னாலேயே உயிரை விடுகிறான், போலீஸும் சனமும் கூடுகிறார்கள். பெட்டியில் நகைகளை விற்று வந்த 12 கோடி பிராங்க். லூயிஸ் ஓடி வந்து பையனை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். பெட்டி காரிலேயே கிடக்கிறது.